ஆஃப்செட் கம்மி

“உங்க காருக்கு இந்த அலாய் வீல் வேணாம்ணா. ஆஃப்செட் கம்மி, வீல் வெளிய தள்ளி நிக்கும்,” என்றார் மீஞ்சூர் டயர் கடைக்காரர்.

“நின்னா இன்னா ஆவும்?” என்றான் லைட்ஹவுஸ் குப்பத்துத் துளசிங்கம்.

“பின்னாடி வெயிட்டு ஏறுனா டயரு மட்கார்டுல உரசும். ஊரே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தும்.”

“நான் மட்டும் ஓட்டிக்கினு போனா?”

“கத்தாது.”

“அப்ப இதையே மாட்டுப்பா!”

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை துளசிங்கத்தின் மனைவி அம்சவேணி, வழக்கம்போல் கருவாட்டுக் கூடைகளைக் காரின் பின்சீட்டில் ஏற்றினாள். கார் வாங்கிய நாளிலிருந்து அந்த நாற்றத்தில்தான் அவன் குடித்தனம். வண்டி கிறீச்சென்று அலறிக்கொண்டே கிளம்பியது.

“பாத்தியா? வண்டி லோடு தாங்கல. இனிமே கூடை ஏத்தாதம்மே,” என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கருவாடு விற்க அனுப்பம்பட்டுக்குள் நுழைந்ததும், என்ன சத்தம் என்று வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். வந்தவர்கள் கருவாட்டைப் பார்த்தார்கள். முதல் தெருவிலேயே கூடைகள் காலி.

அம்சவேணிக்கு வாயெல்லாம் பல்.

“இத்தினி நாளா தொண்ட கிழியக் கூவுனேன். இப்ப உன் வீலே கூவுதுய்யா! நாளையிலேர்ந்து முன்சீட்லயும் ஒரு கூடை வச்சிக்கலாம்.”