ஒட்டி வந்த பெட்டிகள்

மறுபடியும் இரண்டு பெட்டிகள் ஒட்டிக்கொண்டு வந்து வீபேயின் மேசையில் விழுந்தன.

ஒன்று பூனைக்கு மணல். இன்னொன்று நாய்த் தீனி.

நாயும் பூனையுமாக இருக்கிறோம் என்கிறாள் மனைவி, என்று வீபே நினைத்துக்கொண்டான். பிரித்து, தள்ளித் தள்ளி வைத்து, இரண்டையும் திரும்ப பெல்ட்டில் ஏற்றினான்.

பார்சல் கூடத்தின் அந்தக் கோடியில் லாரியிலிருந்து இறங்குவதை ஒவ்வொன்றாக பெல்ட்டில் வைப்பது அவன் மனைவி ஹிங்கேயின் வேலை. வழியில் குட்டிக் குட்டி பெல்ட்டுகள் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பெட்டிக்குப் பெட்டி ஒரு முழம் இடைவெளி விடவைக்கும். இடைவெளி இருந்தால்தான் ஸ்கேனர் அதனதன் ஊரைப் படித்து அந்தந்தப் பக்கம் தள்ளும். ஒட்டி வந்தால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்பி, போய்த் தொலை என்று இந்தக் கோடிக்கு அனுப்பிவிடும். இந்தக் கோடியில்தான் வீபே.

எப்போதாவது ஒரு ஜோடி வரும். ஹிங்கே அவனோடு பேச்சை நிறுத்திய வாரத்திலிருந்து சரமாரியாக வந்தது.

விடுமுறைக்குக் காரில் கட்டி இழுத்துப்போகும் கேரவனை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்தது தப்புதான். அதை அவன் ஒத்துக்கொண்டாயிற்று. அதற்கும் பதில் இல்லை. காலையில் காபிக் குவளை 'டக்'கென்று மேசையில் உட்காரும், அவ்வளவுதான். எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் சைக்கிள் மிதித்து வேலைக்கு வந்தவர்கள். இப்போது அவள் முன்னால் போகிறாள், இவன் எதிர்காற்றைத் திட்டிக்கொண்டு பின்னால் வருகிறான்.

வருகிற சனிக்கிழமை அவள் க்ரோனிங்கன் நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாள். எப்போதம்மா திரும்புவாய் என்று மகள் கேட்டதற்கு, "தெரியல" என்றாளாம்.

ஆனால் பெட்டிகள் வந்தன.

ஒரு நாள் கூடாரமும் மடக்கு நாற்காலியும். அது கேரவனுக்கான திட்டு. இன்னொரு நாள் செருப்புக் கடைப் பெட்டிகள் இரண்டு. நடந்தே போ என்கிறாள். திட்டினாலும் பேச்சு பேச்சுதானே? அவனுக்கு அது போதுமாக இருந்தது. வீட்டில் வாயைத் திறக்காதவள் இங்கேயாவது பேசுகிறாள்.

இன்று யோரிஸ் வந்துவிட்டான், இயந்திரம் பார்க்கிற பையன். வந்ததும் வராததுமாக, ஹிங்கே நிற்கும் ஏற்றுமிடத்துக் கேமராவில் பதிந்த படத்தைப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தான்.

வேண்டுமென்றே ஒட்டி வைப்பது படத்தில் தெரிந்தால் ஹிங்கேயின் வேலை போய்விடும். வேலையும் போனால் க்ரோனிங்கனிலிருந்து திரும்பி வர அவளுக்கு என்ன இருக்கிறது?

யோரிஸ் கையைத் துடைத்துக்கொண்டே மேசைக்கு வந்தான். "அண்ணே, கண்டுபிடிச்சாச்சு."

"தம்பி, அவ மேல எதுவும் எழுதிராதப்பா. அது என்மேல இருக்கற கோவம்."

"எவ மேல?"

"ஹிங்கே. என் வீட்டுக்காரி. அவதானே வேணும்னே ஒட்டி ஒட்டி வைக்கிறா?"

யோரிஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "நல்ல ஆளுண்ணே நீங்க! அவங்க ஒவ்வொண்ணையும் அளந்தாப்பல தள்ளித்தான் வைக்கிறாங்க. மூணாவது பெல்ட்டு தேஞ்சுபோய் வழுக்குது. அதுக்குப் போய் அந்தம்மாவைச் சொல்றீங்களே!"

வீபேயின் முகத்தில் ஈயாடவில்லை.

அப்படியானால் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. கூடாரமும் சொல்லவில்லை, செருப்பும் சொல்லவில்லை. இத்தனை நாளும் தேய்ந்துபோன ஒரு ரப்பர் பெல்ட்டோடு அவன் குடும்பம் நடத்தியிருக்கிறான்.

காபி இடைவேளையில் பெல்ட்டை மாற்றிவிட்டார்கள்.

ஓடவிடுகிற சுவிட்ச் ஹிங்கேயின் பக்கம் இருக்கிறது. யோரிஸ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவனா? அவள் அருகில் குனிந்து, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்வதும், வீபேயின் பக்கம் விரலை நீட்டிச் சிரிப்பதும் இங்கிருந்தே தெரிந்தது. ஹிங்கே நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை தூரத்தில் முகம் தெரியவில்லை.

கிண்டலடிக்க இன்னொன்று கிடைத்தது கூடத்துக்கு, என்று வீபே தலையைக் குனிந்துகொண்டான்.

பெல்ட் ஓடியது. பெட்டிக்குப் பெட்டி ஒரு முழம், பிசகே இல்லை. ஒவ்வொன்றும் அதனதன் ஊருக்குப் போயிற்று. வீபேயின் மேசைக்கு ஒன்றும் வரவில்லை. அவன் துடைத்த மேசையையே துடைத்தான்.

பிறகு இரண்டு பெட்டிகள் ஒட்டிக்கொண்டு வந்து விழுந்தன.

இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி கத்தியது. "அண்ணே, இது எப்படிண்ணே? புது பெல்ட்டாச்சே!"

வீபே பெட்டிகளைத் திருப்பினான். கிழிந்த பார்சலை ஒட்ட ஏற்றுமிடத்தில் வைத்திருக்கும் பழுப்பு டேப். இரண்டையும் சேர்த்து வைத்து, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருந்தது. இதை எந்த பெல்ட்டாலும் பிரிக்க முடியாது.

எந்தக் கடைப் பெட்டிகள் என்று இந்த முறை அவன் பார்க்கவே இல்லை.

கத்தியையும் எடுக்கவில்லை. டேப்பின் நுனியைத் தேடி நகத்தால் கிளப்பினான். சுற்றியிருந்த இறுக்கத்தைப் பார்த்தால் கோபம் தீர்ந்த மாதிரித் தெரியவில்லை.

பரவாயில்லை. பேசிவிட்டாள்.