கடைவாய்ப் பல்

மூன்றாவது தடவையாகப் பல் அடைப்பு உடைந்து வந்து நின்றார் எலக்ட்ரீசியன். உடைந்த துண்டைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். ஃப்யூஸ் போன பல்பைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதுபோல அதை டாக்டரம்மாவிடம் நீட்டினார்.

"மறுபடியும் ஒயரைக் கடிச்சீங்களா?"

"சத்தியமா இல்லீங்க டாக்டர்," என்றவர், சட்டைப் பையிலிருந்து ஒயர் தோல் உரிக்கும் கருவியை எடுத்துச் சாட்சிக்குக் காட்டினார். "நீங்க திட்டினதுக்கு அப்புறம் புதுசா வாங்கினது."

முதல் தடவை வந்தபோது, ஒயரின் தோலைப் பல்லால் உரிக்கும் பழக்கத்தை அவரே வெள்ளந்தியாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அந்தக் கடைவாய்ப் பல்லுக்கு எது நேர்ந்தாலும் ஒயர்தான் குற்றவாளி. டாக்டரம்மாவும் அதற்கு மேல் துருவவில்லை.

இன்று விளக்கை இழுத்து வைத்து நிதானமாகப் பார்த்தார். ஒயர் கடித்தால் பல்லின் ஓரம்தான் தெறிக்கும். இங்கே உடைந்த பல் மட்டுமல்ல, அதற்கு மேலே இருந்தது, பக்கத்தில் இருந்தது, அந்தக் கோடியில் இருந்தது எல்லாமே தேய்ந்து மொழுக்கென்று கிடந்தன. கடியின் தடம் பார்க்கும் நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். புள்ளி புள்ளியாக விழ வேண்டிய மை திட்டுத் திட்டாக அப்பிக்கொண்டது. தாடையில் விரல் வைத்து அழுத்தினார். தசை கல்லாக இருந்தது.

இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். டாக்டரம்மா மனதுக்குள் தன் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

"ராத்திரியில பல்லைக் கடிக்கிற பழக்கம் உண்டா?"

"சேச்சே. அதெல்லாம் கிடையாது." பதில் கேள்விக்கு முன்னாடியே வந்துவிட்டதுபோல இருந்தது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அடைத்தாலும் சரி, பல்லுக்கு மேல் தொப்பி போட்டாலும் சரி, இந்தக் கடி நிற்காவிட்டால் எதுவும் நிலைக்காது. படுக்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து தருவார். மாட்டிக்கொண்டால் பல் பிழைக்கும். இல்லாவிட்டால் அடுத்த விரிசல் வேர்வரை இறங்கும். அப்புறம் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

"இல்லாத வியாதிக்கு எதுக்கு டாக்டர் மருந்து?" என்று சிரித்தார் எலக்ட்ரீசியன்.

குறட்டை விடுகிறவனுக்கா தெரியும், பக்கத்தில் படுத்திருப்பவரைத்தான் கேட்க வேண்டும். டாக்டரம்மா வெளியே உட்கார்ந்திருந்த மனைவியைக் கூப்பிட்டனுப்பினார்.

அந்த அம்மாள் வந்து, கைப்பையை மார்போடு அணைத்தபடி சுவரோரமாக நின்றார்.

"உங்க வீட்டுக்காரர் தூக்கத்துல பல்லைக் கடிக்கிறாராம்மா? நறநறன்னு சத்தம் ஏதாவது கேக்குதா?"

"இவரா? படுத்தா மரக்கட்டைதான் டாக்டர். எனக்கும் ஒண்ணும் தெரியாது. தலையணையில தலையை வெச்சா காலையிலதான் முழிப்பு."

"இவ தூங்கினா பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது," என்றார் எலக்ட்ரீசியன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

கருவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த உதவியாளப் பெண் டாக்டரம்மாவின் காதருகே முணுமுணுத்தாள். "ஒரே கட்டில்தான் மேடம். ஆனா ஆளுக்கொரு ஊர்."

டாக்டரம்மாவுக்கும் அப்படித்தான் பட்டது. புருஷனுக்கு எந்தப் பக்கப் பல் கூசுகிறது என்று புருஷனை முந்திக்கொண்டு சொல்லும் மனைவிகளை இந்த அறையில் பார்த்திருக்கிறார். இந்த அம்மாள் கைப்பையின் ஜிப்பை மூடுவதும் திறப்பதுமாக நின்றுகொண்டிருந்தார். புருஷன் பல் எக்கேடு கெட்டால் என்ன என்று இருக்கிறவரிடம் மேலே எதைக் கேட்பது?

தற்காலிகமாக அடைத்து, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினார். உறையைப் பற்றி மறுபடி பேசவில்லை. வேண்டாம் என்கிறவரின் வாயைக் கட்டாயப்படுத்தித் திறக்கவா முடியும்.

வண்டியை எடுத்து வருவதாகச் சொல்லி எலக்ட்ரீசியன் முன்னால் போனார். கதவைத் திறந்துகொண்டு அந்த அம்மாள் மட்டும் உள்ளே திரும்பி வந்தார்.

"குடையை வெச்சுட்டுப் போயிட்டேன்."

குடை எதுவும் அங்கே இல்லை. உதவியாளப் பெண் தேடுவதற்காக வெளியே போனதும் அந்த அம்மாள் கிட்டே வந்தார்.

"அந்த உறையைச் செஞ்சு குடுத்துடுங்க டாக்டர். கடிக்கிறார். தினமும் கடிக்கிறார். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பல்லைப் பார்த்தாலே தெரியுது, மாட்டித்தான் ஆகணும்னு அதட்டிச் சொல்லுங்க. நீங்க அதட்டினா கேப்பார்."

டாக்டரம்மாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "இதை அவர் எதிர்லயே சொல்றதுக்கு என்னம்மா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். தூக்கத்துல கடிக்கிறது ஒண்ணும் குத்தமில்லையே."

"தூக்கத்துல இல்ல டாக்டர்."

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார். ஒரே பையன். போன வருஷம் விபத்தில் போய்விட்டான்.

"நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன். தூங்கிட்டேனான்னு ரெண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பார். பதில் சொல்ல மாட்டேன். அப்புறம்தான் அழ ஆரம்பிப்பார். சத்தம் கேட்டு நான் எழுந்துடக் கூடாதேன்னு பல்லைக் கடிச்சுக்குவார்."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"தெரிஞ்சாத்தான் என்னம்மா? ரெண்டு பேரும் சேர்ந்து அழுதா மனசாவது கொஞ்சம் ஆறுமே."

"என் எதிர்ல அழவே மாட்டார் டாக்டர். என்னைச் சிரிக்க வெக்கணும்னு எதையாவது பேசிக்கிட்டே இருப்பார்."

வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

"நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சுட்டா, அழறதுக்கு அவருக்கு வேற இடம் ஏது டாக்டர்?"