மைனஸ் இருபத்தாறு

வலது கையைத் தூக்கிவிட்டாள்.

தூக்கியிருக்கக் கூடாது. ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் ஏழாம் வகுப்பு மொத்தமும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. கணக்கு சார் வலது கைகளை மட்டும் எழுப்புவார். அவளுக்கு இடது கை என்று நேற்றே சொல்லிவிட்டார்.

அதிகாரியோ புத்தகத்தைப் பிரித்துத் தானே ஒரு கணக்கை எழுதிவிட்டார்.

−12 − 6 + 4 × 2

மைனஸைப் பார்த்ததும் எல்லாரும் இடது கைக்கு மாறிக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஒரே வலது கை அவளுடையது.

வேறு வழியில்லாமல் சார் அவளைக் கூப்பிட்டார்.

போன மாதப் பரீட்சையில் வந்த அதே கணக்கு. அப்போது −10 என்று போட்டிருந்தாள். சார் சிவப்பு மையில் அடித்தார். போட்மாஸ் விதியில் கூட்டல் முன்னால் வருகிறதாம், கழித்தல் பின்னாலாம். கூட்டிவிட்டுத்தான் கழிக்க வேண்டுமாம். −26 என்று நூறு தடவை எழுத வைத்தார்.

எழுதினாள். அது போய்த் தொலையட்டும்.

மைனஸ் பத்துதானே சரி என்று அப்பா கேட்க வந்தாரே, அதுதான் மனசை விட்டுப் போகவில்லை.

லேத் பட்டறையில் அரைநாள் லீவு சொல்லி, கை கழுவி, வெளுத்த சட்டை போட்டு வந்தார். "யோவ், இரும்பு சீவுற ஆளு எனக்குப் பாடம் எடுக்கிறியா? கெளம்பு." வராந்தாவில், அத்தனை பிள்ளைகள் முன்னால் சார் கத்தினார்.

அப்பா சிரிப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து சாரைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரிகிறது.

சாக்பீஸை எடுத்தாள். சார் சொன்ன மாதிரியே போட்டாள். ஒரு படி விடவில்லை. நாலு ரெண்டு எட்டு. ஆறும் எட்டும் பதினாலு. முதலில் கூட்டல் சார், அப்புறம்தான் கழித்தல், என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போட்டாள்.

−12 − 14 = −26

இப்போது மாட்டட்டும். நன்றாக மாட்டட்டும். அதிகாரி கேட்கப்போகிறார், யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று. விரலை நீட்ட அவள் தயாராக இருந்தாள்.

"கரெக்ட். போய் உக்காரும்மா" என்றார் அதிகாரி.

சார் மூச்சு விட்டார். அவளைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரிக்கும் தெரியாதா?

இடத்துக்குப் போகவில்லை. கீழே, பரீட்சையில் போட்டபடி எழுதினாள்.

−12 − 6 = −18

"இது வரைக்கும் மைனஸ் பதினெட்டு. இன்னும் எட்டைக் கூட்டணும். கூட்டினா மேலதானே சார் வரணும், அது எப்படிக் கீழ எறங்கி மைனஸ் இருபத்தாறு ஆச்சு?"

"ஏய், போய் உக்காரு" என்றார் சார்.

அதிகாரி சாரைக் கையமர்த்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகைக்குக் கிட்டே வந்தார். பேனாவால் உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்த்தார். மைனஸ் பத்துதான் வந்தது.

சார் மேசை மேலிருந்த டஸ்டரை எடுத்தார். எதையும் அழிக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

"யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?"

அவள் விரலை நீட்டவில்லை. சாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி, இனிஷியலோடு அப்பாவின் பெயரைச் சொன்னாள்.