பலகையை விழுங்கிய சீமைக்கருவேலம்

பிச்சாவரம் காட்டுச் சாலையில் சீமைக்கருவேலம் ஓர் இரும்புப் பலகையை அப்படியே விழுங்கி ஏப்பம் விட்டதை நான் கண்ணால் பார்த்தேன் என்கிறேன். போன வருடம் அந்தப் பலகையை நட்ட வனக்காவலன், என் தங்கை மகன் தமிழ்மணி, சிரிக்கிறான். "செடி இரும்பத் துன்னுமா மாமா? ரிட்டயர் ஆனதுலேர்ந்து உங்க புளுகு ஜாஸ்தியாயிடுச்சி." பலகையைப் பார்க்க அவனுடைய அதிகாரி வந்துகொண்டிருக்கிறார், பலகையைத்தான் காணோம். காலை வெயிலில் அந்த மானங்கெட்ட முள், சாலையின் இரண்டு பக்கமும் பட்டா வாங்கியது போல நெளிந்து நிற்கிறது. அதன் நிழலில் புல்லும் முளைக்காது, வெட்கமும் முளைக்காது. ஆடுகள் காயைத் தின்று, அதன் வம்சத்தை வழியெல்லாம் புழுக்கையாய் விதைத்துக்கொண்டு போகின்றன. தமிழ்மணி அரிவாளைப் புதருக்குள் விடுகிறான். சட்டைக் கை கிழிகிறது. அரிவாள் டங்கென்று எதிலோ மோதுகிறது. கிளையை ஒதுக்கினால் முள்ளுக்கு நடுவே பச்சைப் பலகை: 'இங்கு செடிகளை வெட்டுவது குற்றம்.' ஜீப் சத்தம் நெருங்குகிறது. அரிவாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு முனகுகிறான்: "முழுங்கித்தான் இருக்கு மாமா."