ஒடுக்கி வந்த நாள்

சோதனைக்குழாய்த் தண்ணீரில் கரைந்திருந்த வெள்ளி அயனிகளுக்கு ஒரே நடுக்கம். சகாயமேரி டீச்சர் கரும்பலகையில் எழுதியது கண்ணாடி வழியே தெரிந்தது: "வெள்ளி ஒடுக்கமடைகிறது. ஒடுக்கி: தாமிரம்."

"நம்மை நசுக்கத்தான் ஆள் வருது" என்று எல்லாம் அடியில் பதுங்கின.

தாமிரக் கம்பி உள்ளே இறங்கியது. ஒரே ஒரு வெள்ளி மட்டும் எதிரே போய் நின்றது.

"நீதானே ஒடுக்கி? எங்ககிட்டேருந்து எதைப் பறிக்கப் போறே?"

"பறிக்கவா? கொடுக்க வந்திருக்கேன்" என்றது கம்பி. "ஆனா எலக்ட்ரானை ரெண்டு ரெண்டாத்தான் கொடுப்பேன். உனக்கு ஒண்ணுதானே தேவை? இன்னொருத்தனைக் கூட்டிட்டு வா."

"உன் பேரைக் கேட்டாலே யாரும் வரமாட்டாங்க."

"அப்ப உனக்கும் கிடையாது."

வெள்ளி கீழே போய்ப் பக்கத்திலிருந்த அயனியின் கையைப் பிடித்தது. "எனக்கும் பயம்தான். வா, சேர்ந்து பயப்படலாம்."

இரண்டும் கம்பியைத் தொட்டன. தொட்டதும் பளபளவென்று உலோகமாகி அதிலேயே ஒட்டிக்கொண்டன. கொடுத்த தாமிரம் கரைந்து தண்ணீரில் நீலமாய்ப் பரவியது. அதைப் பார்த்த மற்றவை ஜோடி ஜோடியாக ஓடி வந்தன.

மேலே ஒரு மாணவி சமன்பாட்டில் வெள்ளிக்கு முன்னால் இரண்டு என்று எழுதினாள். "இப்ப சமமாயிடுச்சு டீச்சர்!"

முதல் வெள்ளி நீலத்தைப் பார்த்துக் கேட்டது: "இவ்வளவு கொடுத்துட்டு ஒடுக்கின்னு பேர் வாங்கறியே, மாத்தச் சொல்லக் கூடாதா?"

"அது கிடக்கட்டும்" என்றது நீலம். "அடியில ஒருத்தன் தனியா நிக்கிறான் பாரு. அவனுக்கு ஒரு ஜோடியைக் கூப்பிடு."