லூயிஸ் வேண்டாம் என்று சொன்ன பதவி

ராயபுரத்து மாதா கோயில் கக்கூஸில் முட்டி போட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார் லூயிஸ். ஞாயிறு எட்டு மணிப் பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரம். கதவை அகலமாகத் திறந்து வைத்திருந்தார்.

"சூப்பர்வைசர் சார், நீங்களா! இன்னா மனுசன்யா!" என்று பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள்.

லூயிஸ் துறைமுகத்தில் கிரேன் சூப்பர்வைசர். வீட்டில் தான் காபி குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்க மாட்டார். 2003 தவக்காலம் முழுக்க இந்தக் கூத்து எதற்கு? ஈஸ்டர் அன்று, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைக்குத் துணைத் தலைவரை அறிவிப்பார்கள். அந்தப் பதவி கிடைத்தால் திருவிழாவில் பிஷப் பக்கத்தில் நாற்காலி, நோட்டீஸில் முதல் பெயர். அதற்காக மனிதர் எதையும் தேய்ப்பார்.

அவர் போனதும் துப்புரவு செய்யும் வரலட்சுமி உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஜனங்க பாக்குற பக்கம் மட்டும் தேச்சிட்டுப் பூட்டாரு. உள்ளாற நாறிக்கினு கீது. பேஜாரு புடிச்ச மனுசன்!"

அந்தப் பங்கில் பதவியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மூன்று முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அப்புறம் சாமியார் கெஞ்சிக் கொடுக்க வேண்டும். பழைய சாமியார்கள் எல்லாரும் இந்த நாடகத்தில் ஒழுங்காக நடித்தார்கள். ஜனவரியில் மாற்றலாகி வந்த ஃபாதர் தேவப்பிரியத்திடமும் லூயிஸ் மூன்று முறை போய்ச் சொன்னார்.

மூன்றாம் முறை கண்ணீரே விட்டார். "எனக்குப் பதவி வாணாம் ஃபாதர், தலைக்கனம் வந்துரும். கக்கூஸ் கழுவுறதுல கீற சந்தோசம் எதுலயும் இல்ல. சாவுற வரிக்கும் இதையே செஞ்சிக்கினு இருந்தா போதும்!"

ஃபாதர் நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். லூயிஸ் அன்றைக்கே வண்ணாரப்பேட்டைக்குப் போய் சபாரித் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டார்.

ஈஸ்டர் காலைப் பூசை. லூயிஸ் சபாரியில், முதல் வரிசையில். "துணைத் தலைவர், ஃப்ரெடி" என்றார் ஃபாதர்.

ஃப்ரெடியா? காசிமேட்டில் வலை பின்னுகிறவனா? லூயிஸுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"லூயிஸ் அண்ணனுக்குக் கொடுக்கத்தான் எனக்கு ஆசை. ஆனா வேண்டாம்னு மூணு தடவை சொல்லி அழுதுட்டார். அந்த மனசை நான் நோகடிக்கலாமா? அவர் கேட்டதையே கொடுத்துட்டேன்."

கைதட்டல் அதிர்ந்தது. என்ன கேட்டோம் என்றே லூயிஸுக்குப் பிடிபடவில்லை. இருந்தாலும் எழுந்து நாலா பக்கமும் கும்பிட்டுச் சிரித்து வைத்தார்.

வெளியே வந்தவரை வரலட்சுமி வழிமறித்தாள்.

"ஃபாதர் என்னிய கோயில் ஸ்கூலுக்கு ஆயாவா மாத்திட்டாரு நைனா, நாளைலேர்ந்து காலைல அஞ்சு மணிக்கு நீயே வந்து கழுவிக்கோ!"