தபாலில் வந்த பூச்சி மருந்து

நாகலாபுரம் கால்நடை மருத்துவமனையில் முப்பிடாதியின் ஆடு கண் சொருகிக் கிடந்தது. சேதி கேட்டு வேலையிலிருந்து ஓடிவந்து அதைத் தூக்கிவந்த மகன் யோகராஜ் பக்கத்தில் நின்றான்.

“என்னம்மா கொடுத்தீங்க?” என்றார் டாக்டர்.

“வயித்துப் பூச்சிக்கு ஊத்துற மருந்துதான் சார். எம் மவன் போன்ல ஆர்டர் போட்டு மாசாமாசம் தபால்ல வரவைக்கான். எப்பவும் அவனே ஊத்துவான். இன்னிக்கு அவன் வேலைக்குப் போயிட்டான்னு நானே பிரிச்சுக் கரைச்சு ஊத்திட்டேன்.” வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி பெருமையாகச் சொன்னாள்.

அவள் நீட்டிய காலி மாத்திரை அட்டையை டாக்டர் வாங்கிப் பார்த்தார்.

“இது ஆட்டு மருந்தே இல்லம்மா. போதைக்காக ஆளுங்க போடுத மாத்திரை.”

“மாத்தி அனுப்பிட்டானா? எவன்னு கேளுலே!”

யோகராஜ் தலை நிமிரவில்லை.

“மாத்தி அனுப்பலம்மா. நான் கேட்டதைத்தான் அனுப்பியிருக்கான்.”

“ஊசி போட்டாச்சு. ஆடு பிழைச்சுக்கிடும்” என்றார் டாக்டர்.

முப்பிடாதி ஆட்டைப் பார்க்கவில்லை. அட்டையை வெடுக்கென்று பிடுங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி மகனிடம் கேட்டாள்:

“அப்போ மாசாமாசம் வந்ததெல்லாம் எந்த ஆட்டுக்குலே ஊத்துன?”